ஆறாப் புண்ணும் கடலும்: சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குக் கடற்பொருள்கள் எவ்வளவு உதவும்?

மதுரையில் கடற்பாசி என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஜிகர்தண்டாதான். பாலோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும் அந்தப் பொருள் அகர் எனப்படும் பசைச்சத்து. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று கடலோர மக்கள் பெயரிட்டு அழைக்கும் சிவப்புப் பாசிகளைக் காய்ச்சி வடித்தால் அகர் கிடைக்கிறது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறித்து, மணலில் உலர்த்தும் பாசி நெடுங்காலமாக மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அகர் ஆலைகளுக்குத்தான் வந்து சேர்கிறது. கட்டக்கோரை, பக்கோடா பாசி என்னும் பழுப்புப் பாசிகளும் இதே வழியில் வருகின்றன. இவற்றிலிருந்து கிடைப்பது அல்ஜினேட். உலகெங்கும் ஆறாத புண்களுக்குக் கட்டுப்போடப் பயன்படும் பஞ்சுபோன்ற மருத்துவத் துணிகளில் ஒரு பெரும் வகை இந்த அல்ஜினேட்டால் ஆனது.

இதே மதுரையில் எந்த மருத்துவமனையின் கட்டுப்போடும் அறைக்கு முன்னால் நின்று பார்த்தாலும், வரிசையில் இருப்பவர்களில் பலர் சுகர் உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவருக்குச் சீமைக் கருவேல முள் தைத்த இடம் புண்ணாகியிருக்கும். பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்தவருக்குக் கொப்புளம் உடைந்து குழியாகியிருக்கும். கோடையில் கோயில் பிராகாரத்துக் கல்தரையில் வெறுங்காலோடு நடந்தவருக்கு உள்ளங்கால் வெந்திருக்கும், அது வெந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதத்தில் புண் வரக்கூடும் என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்கும் மதிப்பீடு.

பாசி வந்து இறங்கும் ஊரும் புண்ணுக்குக் கட்டுப்போடும் ஊரும் ஒன்றாக இருப்பதால், கடலில் கிடைக்கும் பொருள்களால் இந்தப் புண்களை ஆற்ற முடியுமா என்ற கேள்வி நமக்கு வெறும் அறிவியல் ஆர்வம் சார்ந்ததாக நின்றுவிடுவதில்லை. ஆனால் விடை ஒற்றைச் சொல்லில் அடங்காது. கடற்பொருள்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சான்றுகளும் ஒரே தரத்தவை அல்ல. எந்தப் பொருள் எந்தப் புண்ணுக்கு, எந்தக் கட்டத்தில் உதவும் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் "இயற்கையானது, கடலிலிருந்து வந்தது" என்று சொல்வதால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

முதலில், புண் ஏன் ஆறுவதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். காயம் பட்டதும் ரத்தம் உறைகிறது. பிறகு வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த திசுவையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன. அதன்பின் சிவந்த புதுச்சதை முளைத்துக் குழியை நிரப்ப, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடுகிறது. கடைசியாகத் தழும்பு இறுகி வலுப்பெறுகிறது. சர்க்கரை நோயாளியின் புண் இரண்டாவது கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. துப்புரவுக்கு வந்த மேக்ரோஃபேஜ் அணுக்கள், வேலை முடிந்தபின் சீரமைக்கும் நிலைக்கு மாற வேண்டியவை, மாறாமல் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. பழைய திசுவைக் கரைக்கும் மெட்டலோபுரோட்டினேஸ் என்னும் நொதிகள், குறிப்பாக அவற்றில் ஒன்பதாம் எண் கொண்டது, அளவுக்கு மீறிச் சுரந்து, சதைக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தால் புதிதாக உருவாகும் சட்டகத்தையும் சேர்த்தே கரைத்துவிடுகின்றன. கட்டுகிற கொத்தனாருக்குப் பின்னாலேயே இடிக்கிற ஆளும் நிற்பது போன்ற நிலை இது.

இவற்றோடு நரம்புப் பாதிப்பால் வலி தெரியாததால் நோயாளி அந்தக் காலை ஊன்றியே நடக்கிறார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருந்தால் ஆக்சிஜனும் மருந்தும் புண்ணை எட்டுவதில்லை. கிருமிகளோ தனித்தனியாக இல்லாமல், தாமே சுரக்கும் வழவழப்பான படலத்துக்குள் கூட்டமாகப் பதுங்கிக்கொள்கின்றன, அந்தப் படலத்தை மாத்திரையும் ஊசியும் எளிதில் ஊடுருவ முடிவதில்லை. ஆகவே மேலே போடும் எந்தப் பொருளும் இந்தத் தடைகளில் ஒன்றிரண்டைத்தான் தொட முடியும். ரத்த ஓட்டத்தை எந்தப் பாசியாலும் மீட்க முடியாது, அதற்கு ரத்தக்குழாய் மருத்துவர் வேண்டும்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். "புண்ணை மூடாதே, காற்றாட விடு, காயட்டும்" என்பது நம் வீடுகளில் இன்றும் கேட்கும் அறிவுரை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், பக்குகட்டிக் காய்ந்த காயத்தைவிட ஈரப்பதம் காக்கப்பட்ட காயத்தில் தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் மூடுவதைக் காட்டினார். தோலணுக்கள் ஈரமான பரப்பில்தான் ஊர்ந்து செல்ல முடியும். பக்கு இருந்தால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. அதே சமயம் நீர் தேங்கிச் சொதசொதவென்று இருந்தால் சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறி அழிகிறது. ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தேங்கக்கூடாது. கடற்பாசிக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்தது இந்தச் சமநிலைக்காகத்தான்.

அல்ஜினேட்டை 1881-இல் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பழுப்புப் பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். குலுரோனிக், மானுரோனிக் என்னும் இரு சர்க்கரை அமிலங்கள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. கால்சியம் அயனிகள் சேரும்போது, குலுரோனிக் பகுதிகள் அவற்றை இடையில் பிடித்துக்கொண்டு சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டுகின்றன. இப்படிப் பூட்டிய கால்சியம் அல்ஜினேட்டை நூலாக இழுத்துப் பஞ்சுபோன்ற விரிப்பாகச் செய்கிறார்கள். அதைக் கசியும் புண்ணில் வைத்ததும், புண்ணின் நீரில் உள்ள சோடியம் உள்ளே புகுந்து கால்சியத்தை வெளியேற்றுகிறது. பூட்டு தளர, நூல் நீரை உறிஞ்சி ஊதிக் கூழாகிறது. தன் எடையைப்போல 15 முதல் 20 மடங்கு நீரை அது தாங்கும். வெளியேறும் கால்சியம் ரத்தம் உறைவதற்கும் துணைசெய்கிறது என்பதால், செத்த சதையை வெட்டி எடுத்தபின் லேசாக ரத்தம் கசியும் குழிப்புண்ணில் வைத்து நிரப்ப இது வசதியானது. கட்டை மாற்றும்போது காய்ந்த துணியைப்போலப் புதுச்சதையைப் பிய்த்துக்கொண்டு வராது.

நடைமுறையில் இதைக் கையாள்வதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, நீர் கசியாத வறண்ட புண்ணிலோ, கறுத்துக் காய்ந்த விரலிலோ அல்ஜினேட்டை வைப்பது. அங்கே கூழாவதற்கு நீர் இல்லாததால் அது இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி ஒட்டிக்கொள்கிறது. மற்றொன்று, கட்டைப் பிரிக்கும்போது மஞ்சளாகவும் பழுப்பாகவும் ஒருவித வாடையோடும் இருக்கும் அந்தக் கூழைச் சீழ் என்று எண்ணிப் பயப்படுவது. உப்புநீரால் கழுவியபின் புண்ணின் நிறத்தையும் ஓரத்தையும் பார்த்த பிறகே அது சீழா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் கட்டு மாற்றும் குடும்பத்தாருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

சரி, அல்ஜினேட் புண்ணை ஆற்றுகிறதா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சர்க்கரை நோய்ப் பாதப் புண்களில் மற்ற கட்டுத்துணிகளைவிட அல்ஜினேட் விரைவாக ஆற்றுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று முடிவுசெய்தது. சர்க்கரை நோய்ப் பாதம் குறித்த சர்வதேசப் பணிக்குழுவின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், ஆற்றும் நோக்கத்துக்காக அல்ஜினேட்டையோ கொலாஜன் துணிகளையோ பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. இதைப் படித்துவிட்டு அல்ஜினேட் வீண் என்று எண்ணத் தேவையில்லை. அது நல்ல உறிஞ்சி. கசிவு மிகுந்த புண்ணில் நாளுக்கு இரண்டுமுறை கட்டு மாற்றும் அவதியைக் குறைக்கும். ஆனால் ஆற்றும் மருந்து என்ற பெயரில் அதற்குக் கூடுதல் விலை கேட்டால், அந்த விலைக்கு ஆதாரம் இல்லை.

அடுத்தது கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டின் என்னும் பொருளிலிருந்து இது வருகிறது. தூத்துக்குடி முதலிய இடங்களில் ஏற்றுமதிக்கு இறாலை உரிக்கும்போது மலைபோல் குவியும் கழிவு இதற்கு மூலப்பொருளாகும். ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் கொதிக்கவைத்துப் புரதத்தை நீக்கி, எஞ்சிய கைட்டினை மேலும் செறிந்த காரத்தில் சூடாக்கினால் அதன் அசிட்டைல் கூறுகள் கழன்று கைட்டோசான் ஆகிறது. 1859-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ரூஜே கண்ட முறையின் தொடர்ச்சிதான் இது. கைட்டின் எதிலும் எளிதில் கரையாது, கைட்டோசானோ வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் கரைந்துவிடும். ஆகவே அதை நாராக, படலமாக, கூழாக, பஞ்சாக எப்படி வேண்டுமானாலும் வடிக்கலாம்.

கரைந்த நிலையில் கைட்டோசான் நேர்மின்னேற்றம் கொண்டது. சிவப்பணுக்களின் மேற்பரப்பும் பாக்டீரியாவின் உறையும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. எனவே அது ரத்த அணுக்களை ஒன்றுசேர்த்துக் கட்டியாக்குகிறது, பாக்டீரியாவின் உறையைக் குலைக்கிறது. ரத்தத்தை நிறுத்தும் வேலையில் அது நேரிடையாகவே பெயர்பெற்றது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் கைட்டோசான் கட்டுத்துணிகளைப் போர்க்களக் காயங்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆறாத பாதப் புண்ணில் அதன் பயன் குறித்து விலங்குச் சோதனைகளும் சிறிய அளவிலான மருத்துவ ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன, ஆனால் பெரிய ஒப்பாய்வுகள் போதவில்லை. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கண்டு அஞ்சுவது இயல்பு. ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் டிரோபோமயோசின் என்னும் புரதம். நன்கு தூய்மை செய்த கைட்டோசானில் அது ஏறத்தாழ இருக்காது என்றாலும், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதே முறை.

சான்று வலுவாக இருப்பது மீன்தோலுக்குத்தான். இதை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐஸ்லாந்து நாட்டின் கெரெசிஸ் நிறுவனம், அட்லாண்டிக் காட் மீனின் தோலைச் செதில் நீக்கி, அணுக்களை அகற்றி, உலர்த்தி, கிருமிநீக்கம் செய்து புண்ணில் பதிக்கும் ஒட்டாகச் செய்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. மாட்டுத்தோல், பன்றித்தோல் போன்றவற்றிலிருந்து ஒட்டு செய்யும்போது மனிதருக்குத் தொற்றக்கூடிய வைரஸ்களை அழிக்கக் கடுமையான வேதிப்பொருள்களால் கழுவ வேண்டியிருக்கிறது. அதில் இயற்கைச் சட்டகமும் கொழுப்புகளும் பெரிதும் சிதைகின்றன. குளிர்கடல் மீனிடமிருந்து மனிதருக்கு அப்படிப்பட்ட நோய் பரவும் அபாயம் மிகக் குறைவு என்பதால், மென்மையாகப் பதப்படுத்தினாலே போதும். விளைவாக, நுண்துளைகள் நிறைந்த அந்தச் சட்டகமும் ஒமேகா-3 கொழுப்புகளும் அப்படியே எஞ்சுகின்றன. புண்ணின் சொந்த அணுக்கள் அந்தத் துளைகளுக்குள் குடியேறுகின்றன. மிகையாகச் சுரந்த நொதிகள் நோயாளியின் புதுக்கொலாஜனை விட்டுவிட்டு மீன்தோலைத் தின்பதில் மும்முரமாகின்றன என்பது ஒரு விளக்கம்.

பிரான்சு, இத்தாலி, ஸ்வீடன், ஜெர்மனி நாடுகளில் 255 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. தசைநார், மூட்டு, எலும்பு வரை இறங்கிய ஆழமான புண்கள் அவை. 16 வாரங்களில் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 26 பேருக்கும் மீன்தோல் பிரிவில் 44 பேருக்கும் புண் முழுதாக மூடியது. ஆழமான புண்களைப் பெரும்பாலான ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதே இல்லை என்பதால் இந்த வேறுபாடு மதிப்பு மிக்கது. எனினும் 44 என்ற எண்ணைப் பார்க்கும்போதே, மீன்தோல் வைத்தும் நான்கு மாதத்தில் ஆறாத 56 பேரையும் பார்க்க வேண்டும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே இருந்தது என்பதையும், இரு பிரிவினருக்கும் செத்த சதையை வெட்டுதல், பாதத்தின் பாரத்தை இறக்குதல் ஆகியவை முறையாக நடந்தன என்பதையும் மறக்கக்கூடாது. நம் ஊரில் அந்த அடிப்படையே பலருக்குக் கிடைப்பதில்லை என்ற நிலையில், அங்கே கிடைத்த 44 இங்கேயும் கிடைக்கும் என்று கருதிக்கொள்ள முடியாது.

இதைக் கேள்விப்பட்டவர்கள் அடுத்துக் கேட்பது, "நம் மீனின் தோல் உதவாதா?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. பிரேசில் நாட்டின் ஃபோர்தலேசா நகரில், நம் கண்மாய்களில் ஜிலேபிக் கெண்டை என்று நாம் பிடிக்கும் திலாப்பியா மீனின் தோலைப் பதப்படுத்தித் தீக்காயங்களுக்கு வைத்துச் சிகிச்சை அளித்து வருகிறார்கள். வெப்பநாட்டு மீனுக்கு ஓர் இயற்கைச் சாதகமும் உண்டு. காட் மீனின் தோலிலிருந்து பிரித்துக் கரைத்த கொலாஜன் ஏறத்தாழ 15 பாகை செல்சியசிலேயே உருக்குலையும், வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன்களின் கொலாஜன் 30 பாகைக்கு மேலும் தாங்கும். தோலை முழுதாக வைக்கும்போது இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் கொலாஜனைப் பிரித்துக் கூழாகவோ படலமாகவோ செய்ய விரும்புவோருக்கு நம் கடல் மீன்கள் ஏற்றவை. இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கை: சந்தையில் வாங்கிய மீனின் தோலை வீட்டில் உரித்துப் புண்ணில் வைப்பது கிருமியை நாமே கொண்டுபோய் விதைப்பதாகும். பிரேசிலில்கூடப் பலபடித் தூய்மைக்கும் கதிரியக்கக் கிருமிநீக்கத்துக்கும் பிறகுதான் அது நோயாளியின் உடலுக்குப் போகிறது.

பழுப்புப் பாசியிலிருந்து கிடைக்கும் ஃபியூகாய்டான் பற்றிய செய்திகள் நிறைய வருகின்றன. அழற்சியைத் தணிக்கிறது, புது ரத்தக்குழாய்களைத் தூண்டுகிறது என்று ஆய்வகத் தட்டுகளிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். மனிதரின் பாதப் புண்ணில் அது இன்னும் சோதிக்கப்பட வேண்டிய நிலையில்தான் இருக்கிறது. சிவப்புப் பாசியிலிருந்து வரும் காராஜீனனை எடுத்துக்கொண்டால், அது ஐஸ்கிரீமில் கெட்டிப்படுத்தப் பயன்படும் பொருள். அதையே எலியின் பாதத்தில் ஊசியாகச் செலுத்தி வீக்கத்தை உண்டாக்கி, அழற்சி மருந்துகளைச் சோதிப்பது மருந்தியல் ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக உள்ள முறை. உணவாகும்போது சாதுவான ஒரு பொருள் தோலுக்குக் கீழே அழற்சியைத் தூண்டும். பாசி என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பானது என்று நினைப்போர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் அட்டையிலிருந்தும் ஆற்றும் பொருள்கள் கிடைப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இந்தியாவிலோ 2001 முதல் கடல் அட்டைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அவற்றைப் பிடிப்பதே குற்றம். அந்தப் பாதை நமக்கு மூடியிருப்பது சரியே.

கடலிலிருந்து வரும் இன்னொரு பொருளால் நம் வட்டாரத்தில் உண்மையிலேயே கால்கள் பறிபோகின்றன. அது கல் உப்பு. கால் வலிக்கிறது, எரிகிறது என்று வெந்நீரில் உப்பைப் போட்டு முக்கிவைக்கிறார்கள். நரம்புப் பாதிப்பு உள்ள காலுக்கு நீரின் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் வீட்டார் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் புண்ணைக் கழுவப் பயன்படும் உப்புநீர் நூறு மில்லிக்கு 0.9 கிராம் உப்பு கொண்ட, கிருமிநீக்கம் செய்த நீர். வாளியில் கையளவு உப்பை அள்ளிப் போட்ட வெந்நீருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

மண்டபத்துப் பாசிக்கும் மருத்துவமனைக் கட்டுத்துணிக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பது மதுரைக்காரர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி. 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் தொடக்கக் காலத்தில் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இயங்கியது, ஆகவே பாசியைப் பற்றிய அறிவுக்கு இந்தக் கரையில் குறைவில்லை. இடையில் இருக்கும் பெரும் தடை தூய்மை. உணவுக்கோ துணி அச்சடிப்பதற்கோ போதுமான அல்ஜினேட்டில் பாசியின் புரதம், பாலிஃபீனால்கள், எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியா நச்சு, கடலிலிருந்து பாசி உறிஞ்சிய கன உலோகங்கள் ஆகியவை சிறிதளவு இருக்கலாம். திறந்த புண்ணில் அவை ஒவ்வொன்றும் அழற்சியைக் கிளப்பும். அவற்றை நீக்கி, ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் இருக்கிறது என்று நிரூபிப்பதற்கு ஆகும் செலவுதான் மருத்துவத் தரத்தின் விலை. பாசி எந்த மாதத்தில், எந்தத் தீவருகில் பறிக்கப்பட்டது என்பதற்கேற்ப அதிலுள்ள இரு அமிலங்களின் விகிதமும் மாறுவதால், நூலின் உறுதியும் மாறுகிறது. பறிப்பவரிடமிருந்தே பதிவைத் தொடங்காமல் இந்தத் தரத்தை எட்ட முடியாது. பவளப்பாறையில் கை கிழிபட்டு, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடலில் இறங்கும் பெண்களுக்கு அந்தக் கூடுதல் மதிப்பில் பங்கு கிடைத்தால்தான் அந்தப் பதிவும் நேர்மையாக நடக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இத்தனை பொருள்களிலும் ஒன்றுகூடப் பாதத்தின் மேல் விழும் பாரத்தை இறக்குவதில்லை. உள்ளங்கால் புண்ணை ஆற்றுவதில் மிக உறுதியான சான்று பெற்றது முழங்காலுக்குக் கீழே கச்சிதமாக அணிவிக்கும், எளிதில் கழற்ற முடியாத கட்டு. அதன் ஒரு வேர் நம் மாநிலத்தில் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த பால் பிராண்ட், உணர்விழந்த பாதத்தில் புண் வருவதற்குக் காரணம் சதை அழுகும் நோயல்ல, வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே என்று கண்டார். பின்னாளில் அமெரிக்காவுக்குச் சென்றபோது மாவுக்கட்டு முறையை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அறிமுகப்படுத்தினார். தொழுநோயாளிகளுக்காக உருவான, நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பையே இன்றும் நம் மருத்துவர்கள் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். விலை உயர்ந்த மீன்தோலைப் பதித்துவிட்டு நோயாளி அதே காலை ஊன்றிப் பேருந்து நிலையம் வரை நடந்தால், அந்த ஒட்டு சில நாளில் நசுங்கிப் போகும்.

ஆகவே புதிய கட்டுத்துணி ஒன்றை யாராவது பரிந்துரைத்தால், கட்டுப்போடும் அறையிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்த்தீர்களா, ரத்த ஓட்டம் போதுமா? எலும்பில் கிருமி இறங்கியிருக்கிறதா? செத்த சதை முழுதும் எடுத்தாயிற்றா? நான் எப்படி நடக்க வேண்டும், எதை அணிய வேண்டும்? இந்தப் பொருள் நீரை உறிஞ்சுவதற்கா, ஆற்றுவதற்கா? எத்தனை வாரத்தில் புண்ணின் அளவு குறையவில்லை என்றால் இதை நிறுத்துவோம்? நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் சிகிச்சையை மறுபடி ஆராய வேண்டும் என்பது பாத மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். ஆறிய புண்களிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 40 ஓராண்டுக்குள் திரும்பி வருகின்றன. அந்த ஓராண்டில் பாதத்தில் வைக்க எந்தக் கட்டும் இல்லை. இரவில் படுக்கப் போகும்முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதும், கண் மங்கியவர் என்றால் வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்வதும்தான் அப்போது எஞ்சியிருக்கும் வேலை.